அந்தக் கவச மீன் 33 அடி நீளமும் இல்லை, சுறாவும் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் டெவோனியன் காலக் கவச மீன்களைப் பற்றி வெளிவந்த முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அரசியலும் சினிமாவும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சும் இடத்தில், 36 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஒரு மீனுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியமைக்கு நன்றி. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மேல்நிலை வகுப்புகளில் விலங்கியல் நடத்தியவன் என்ற முறையில் இதை ஒப்புக்குச் சொல்லவில்லை. ஆனால் அக்கட்டுரைக்கு இடப்பட்ட ‘33 அடி ராட்சதச் சுறா’ என்ற தலைப்பைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. கட்டுரையின் நாயகனான டங்கிளியோஸ்டியஸ் என்ற கவச மீன் 33 அடி நீளம் வளர்ந்ததற்குச் சான்று இல்லை. அது சுறாவும் அல்ல. ராட்சத என்ற சொல்லை மட்டும் வேண்டுமானால் வாதத்துக்கு விட்டுவிடலாம். இத்தகைய பக்கங்களை மாணவர்கள் கத்தரித்து வகுப்பறைச் சுவரில் ஒட்டுவார்கள், வினாடி வினாவுக்கு மனப்பாடம் செய்வார்கள் என்பதை அனுபவத்தில் அறிந்தவன் ஆகையால் இக்கடிதத்தைச் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், நம் கையில் இருப்பது என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். இந்த மீனின் முழு உடல் இதுவரை எவருக்கும் கிடைத்ததில்லை. பாறையிலிருந்து கிடைப்பவை பெரும்பாலும் தலையையும் தோள் பகுதியையும் மூடியிருந்த தடித்த எலும்புத் தகடுகள் மட்டுமே. ஏன் இப்படி என்று மாணவர்கள் கேட்டால் நான் அவர்களை அடுக்களைக்கு அனுப்புவது வழக்கம். கெளுத்தி மீனை ஆய்பவர்கள் அரிவாள்மனையில் உடலை எளிதாகத் துண்டு போட்டுவிடுவார்கள். தலைக்கு வரும்போதுதான் கை தயங்கும், ஏனென்றால் அதன் மண்டை ஓடு முழுவதும் சொரசொரப்பான எலும்புப் பலகை. மாறாக, சுறாப்புட்டுக்காகச் சுறாத் துண்டங்களை வேகவைத்து உதிர்ப்பவர்கள் முள்ளை எதிர்பார்ப்பதில்லை. அங்கே இருப்பது வெந்தால் இளகிவிடும் குருத்தெலும்பு. தலை கெளுத்தியைப் போலவும் உடல் சுறாவைப் போலவும் அமைந்த ஒரு பெருமீனைக் கற்பனை செய்துகொண்டால், அது செத்துக் கடலடியில் புதைந்த பிறகு எது மிஞ்சும், எது கரைந்து போகும் என்பதை எவரும் ஊகித்துவிடலாம். டங்கிளியோஸ்டியஸின் தகடுகள் கல்லாகி நிலைத்தன. முதுகெலும்பு முதல் வால் வரையிலான பகுதி போய்விட்டது. ஆகவே அதன் நீளம் என்பது யாரும் நாடா வைத்து அளந்தது அல்ல. தலையைப் பார்த்து உடலைக் கணித்தது.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையின் செங்குத்தான பாறைச் சரிவில், ஜே டெரல் என்பவர் இந்த மீனின் எலும்புகளை 1867-இல் கண்டெடுத்தார். அவர் விடுதி நடத்தியவர்; பாறையைத் துருவுவது அவருக்குப் பொழுதுபோக்கு. ஜான் நியூபெரி என்ற நிலவியலாளர் 1873-இல் அதற்குக் கண்டுபிடித்தவரின் பெயரைச் சேர்த்து டைனிக்திஸ் டெரெல்லி என்று பெயரிட்டார். 1956-இல்தான் பிரெஞ்சு அறிஞர் ழான் பியர் லேமான் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்து, கிளீவ்லாந்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றிய டேவிட் டங்கிளின் பெயரால் டங்கிளியோஸ்டியஸ் என்று அழைத்தார். டங்கிளின் எலும்பு என்பது அதன் பொருள். கட்டுரையில் இந்த வரலாற்றைச் சரியாகவே தந்திருந்தார்கள். பிறகுதான் 10 மீட்டர், அதாவது அந்த 33 அடி, என்ற எண் மேற்கோளோ கேள்வியோ இல்லாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அந்த எண் எப்படிப் பிறந்தது? இத்தனை பெரிய தலைக்கு இத்தனை பெரிய உடல் இருந்திருக்கும் என்ற மதிப்பீடுகள் ஒன்றன் மேல் ஒன்றாகப் பதிப்பிக்கப்பட்டு, 5 மீட்டர், 6 மீட்டர், 9 மீட்டர் என்று ஏறிக்கொண்டே வந்தன. அண்மைக்காலத்தில் முறைப்படி செய்யப்பட்ட கணக்குகளிலும் ஓர் ஓட்டை இருந்தது. இன்றைய சுறாக்களில் வாயின் சுற்றளவுக்கும் உடல் நீளத்துக்கும் ஒரு விகிதம் உண்டு. அதே விகிதத்தை இந்த மீனின் வாய்க்கும் பொருத்திப் பார்த்தார்கள். ஆனால் கவச மீன்கள் தம் உடலின் அளவுக்குச் சுறாவைவிட மிகப் பெரிய வாயை உடையவை. பெரிய வாயை வைத்துச் சுறாக் கணக்குப் போட்டால் விடை பெரிதாகத்தானே வரும்?

2023-இல் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் ரஸ்ஸல் எங்கல்மேன் இதை வேறு வழியில் அணுகினார். வாயை விட்டுவிட்டு, கண்குழியிலிருந்து தலையின் பின் விளிம்பு வரை உள்ள தொலைவை அவர் அளவுகோலாகக் கொண்டார். மூக்குப் பகுதி மீனுக்கு மீன் மாறும். கொக்கு மீனுக்கு நீண்டிருக்கும், கெண்டைக்குக் குட்டையாக இருக்கும். ஆனால் கண்ணுக்குப் பின்னால் மூளையும் செவுளும் அடங்கியாக வேண்டும். உடல் பெரிதானால் செவுளும் பெரிதாக வேண்டும். எனவே அந்தப் பகுதி உடலின் அளவோடு நெருக்கமாக ஒத்துப்போகிறது. நூற்றுக்கணக்கான மீன் இனங்களில் இந்த உறவைச் சோதித்து, முழு உடலோடு கிடைத்துள்ள சிறிய கவச மீன்களிலும் சரிபார்த்து, பிறகே டங்கிளியோஸ்டியஸுக்கு வந்தார். கிடைத்த விடை: வளர்ந்த மீன் ஏறத்தாழ 3.4 மீட்டர், நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பெரியது ஏறத்தாழ 4.1 மீட்டர். அடிக்கணக்கில் சொன்னால் 11 அடியும் 13 அடியும்.

தங்கள் தலைப்பில் உள்ள நீளம் இதைப்போல் மூன்று மடங்கு. நீளம் மூன்று மடங்கானால் எடை மூன்று மடங்காவதில்லை. அகலமும் உயரமும் சேர்ந்து பெருகுவதால் அது 27 மடங்காகிவிடும் என்பது எட்டாம் வகுப்புக் கணக்கு. ஆனாலும் 3.4 மீட்டர் மீனை எவரும் குறைத்து எண்ண வேண்டியதில்லை. தலை அகன்று, உடல் பருத்து, சூரை மீனைப்போலத் திரண்ட வடிவம் அதற்கு இருந்திருக்க வேண்டும். எடை ஒரு டன்னை ஒட்டி வருகிறது. அதே நீளமுள்ள இன்றைய வெள்ளைச் சுறா இவ்வளவு கனம் இராது.

சுறா என்ற சொல்லுக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒகையோவில் உள்ள மகன் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் இந்த மீனின் தலைக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். பேரப்பிள்ளை இரண்டு தடவை வந்து கையைப் பிடித்து இழுத்தும் நகரவில்லை. கட்டுரையில் எழுதியிருப்பதுபோல அதன் வாயில் வரிசை வரிசையாகப் பற்கள் இல்லை. சரியாகச் சொன்னால் பற்களே இல்லை. தாடை எலும்பே கத்தியாக வளர்ந்திருக்கிறது. கீழ்த்தாடையின் முன்முனை கோரைப்பல்லைப்போல மேல்நோக்கிக் கூராக எழுகிறது, அதன் பின்னால் நீண்ட வெட்டுவிளிம்பு ஓடுகிறது, மேலேயும் அதற்கு இணையான தகடுகள் இறங்குகின்றன. வாய் மூடும்போது மேல்தகடும் கீழ்த்தகடும் ஒன்றன் பக்கவாட்டில் மற்றொன்று உரசிச் செல்லும். உரசிய இடம் தேய்ந்து, விளிம்பு மழுங்காமல் கூராகவே இருக்கும். பாட்டி வீட்டுப் பாக்குவெட்டியைக் கையாண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சுறாவோ விழுந்த பல்லுக்குப் பதில் பின்வரிசையிலிருந்து புதுப்பல்லைக் கொண்டுவரும் உயிர். அதன் வழியே வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் இந்த மீனின் தனித்தன்மையே போய்விடுகிறது. போதாக்குறைக்கு, உண்மையான சுறாக்கள் அதே கடலில் அப்போது வாழ்ந்துகொண்டிருந்தன. கிளாடோசெலாக்கி என்ற சுறா அதே கிளீவ்லாந்து களிப்பாறையிலிருந்தே கிடைத்திருக்கிறது.

கடியின் வலிமை பற்றிக் கட்டுரையாளர் எழுதியதில் பிழை இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். பிலிப் ஆண்டர்சனும் மார்க் வெஸ்ட்னீட்டும் 2006-இல் வெளியிட்ட கணக்கின்படி தாடையின் முனையில் 4,400 நியூட்டனுக்கு மேலும், பின் விளிம்பில் 5,300 நியூட்டனுக்கு மேலும் விசை கிடைத்திருக்கும். முனையில் மட்டும் ஏறத்தாழ 450 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம் அது. எனக்கு அதைவிட வியப்பளித்தது வாய் திறக்கும் வேகம். தலைக் கவசமும் தோள் கவசமும் இரு பக்கமும் ஒரு கீலால் இணைந்திருந்தன. கீழ்த்தாடை இறங்கும் அதே கணத்தில் தலை பின்னோக்கி உயரும். ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்குக்குள் வாய் முழுவதும் திறந்து, தண்ணீரும் இரையும் உள்ளே உறிஞ்சப்படும். பொதுவாக வேகமாகத் திறக்கும் வாய் பலமாகக் கடிக்காது, பலமாகக் கடிக்கும் வாய் வேகமாகத் திறக்காது. இதற்கு இரண்டும் வாய்த்திருந்தது. நீளம் குறைந்துவிட்டதே, இந்த விசையும் குறையுமோ என்று வாசகர்கள் கவலைப்பட வேண்டாம். அக்கணக்கின் அடிப்படை மண்டையோட்டின் எலும்பும் அதில் தசை பொருந்தியிருந்த இடமும். அந்த மண்டையோடு அப்படியேதான் இருக்கிறது, அதன் பின்னால் நாம் ஒட்டவைத்த உடல்தான் சுருங்கியிருக்கிறது.

காலத்தைப் பற்றிய பிழை சிறியதல்ல என்றாலும் திருத்துவது எளிது. கட்டுரை ஓரிடத்தில் இவற்றை ‘டைனோசர் காலத்து மீன்கள்’ என்கிறது. டெவோனியன் காலம் ஏறத்தாழ 41.9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி 35.9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு முடிந்தது. டைனோசர்கள் தோன்றியது ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இடைவெளி மட்டுமே 12 கோடி ஆண்டுகளுக்கு மேல். அரியலூர்ப் பகுதியிலும் தேடினால் இவை கிடைக்கக்கூடும் என்ற வரியையும் இதே காரணத்துக்காக நீக்கிவிடலாம். அங்கே சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் காணும் கடற்படிவுகள் டைனோசர்களின் கடைசிக் காலமான கிரிட்டேசியஸைச் சேர்ந்தவை. சுருள் ஓடுடைய அம்மோனைட்டும் சுறாப்பல்லும் தேடிப் போகிறவர்களுக்கு அது பொன்னான இடம், கவச மீன் தேடுவோருக்கு அல்ல.

இந்த மீன்களைத் தவறாகப் புரிந்துகொள்வது இன்று தொடங்கியதும் இல்லை. ஸ்காட்லாந்தின் குரோமர்ட்டி என்னும் கடலோர ஊரில் கல்தச்சராக வேலை செய்த ஹியூ மில்லர், பழைய செம்மணற்கற்களைப் பிளந்தபோது இரண்டு பக்கமும் சிறகுபோல நீட்டிய ஓர் உருவத்தைக் கண்டார். உடல் முழுவதும் ஓடு, கைபோல் மடங்கும் உறுப்பு, அதுவும் ஓட்டுக்குள். ஆமைக்கும் மீனுக்கும் இடைப்பட்ட உயிரைக் கண்டுவிட்டோம் என்றுதான் அவரும் முதலில் நினைத்தார். புதைபடிவ மீன்களை ஆராய்ந்த லூயி அகாசி அதை மீன் என்று உறுதிசெய்து, மில்லரின் பெயரையே அதற்குச் சூட்டினார். இன்று அதன் பெயர் டெரிக்தியோடஸ் மில்லெரி. நாள்தோறும் உளி பிடித்த ஒரு தொழிலாளி தம் ஊர்ப் பாறையில் கண்டதை 1841-இல் நூலாக எழுதி நாடு முழுவதும் படிக்க வைத்தார் என்பதைத் தங்கள் கட்டுரை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம். பெயர்கள் எல்லாம் பேராசிரியர்களுடையவையாக இருப்பதைப் பார்த்துப் பழகிய நம் மாணவர்களுக்கு அது ஒரு தெம்பைத் தந்திருக்கும்.

என்னை உண்மையில் எழுதத் தூண்டியது கட்டுரையின் கடைசிப் பத்திதான். கவசத்தின் சுமை தாங்காமல், வேகமான சுறாக்களோடு போட்டியிட முடியாமல், இவை ‘வாரிசின்றி அழிந்த தோல்வியுற்ற உயிரினம்’ என்று அது முடிகிறது. கவச மீன்கள் டெவோனியன் கால இறுதியில் மறைந்தன என்பது மெய். ஆனால் ஏறத்தாழ 37.2 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் 35.9 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் கடல்வாழ் உயிர்கள் கூட்டங்கூட்டமாக மடிந்த இரு பெரும் நெருக்கடிகள் வந்தன. கடலின் பெரும்பகுதி ஆக்சிஜன் இல்லாமல் மூச்சுத் திணறியதன் தடயம்தான் கிளீவ்லாந்து களிப்பாறையின் கறுப்பு நிறம். பவளத்திட்டுகள் முதல் பல மீன் குலங்கள் வரை அதில் அகப்பட்டன. அதைக் கவசத்தின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. ஏழு கோடி ஆண்டுகளுக்குக் குறையாமல் கடலிலும் நன்னீரிலும் வாழ்ந்த ஒரு கூட்டத்தைத் தோற்றது என்று சொல்ல, தோன்றி மூன்று இலட்சம் ஆண்டுகளே ஆன நமக்கு என்ன துணிச்சல்!

வாரிசு இல்லை என்பது இன்னும் பெரிய பிழை. சீனாவின் யுனான் மாகாணத்தில் சூஜிங் என்ற இடத்தில் கிடைத்த என்டெலோநேதஸ் என்னும் மீனை 2013-இல் ஜூ மின் குழுவினர் விவரித்தனர். அது 41.9 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது, டெவோனியனுக்கும் முன்னால் சிலூரியன் கால இறுதியைச் சேர்ந்தது. உடல் முழுக்கக் கவச மீன்தான். ஆனால் தாடையைப் பார்த்தால், நமக்கு மேல்தாடையாகவும் கீழ்த்தாடையாகவும் அமைந்திருக்கும் அதே வகை எலும்புகள் அதில் வரிசையாக நிற்கின்றன. தாடையுள்ள முதுகெலும்பிகளின் மரத்தில் கவச மீன்கள் பட்டுப்போன பக்கக்கிளை அல்ல, அடிமரத்தின் பகுதி என்று ஆய்வாளர்கள் இன்று கருதுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு முகவாயைத் தடவிக்கொண்டு யோசிக்கும் வாசகர் ஒருவர் தடவுவது அந்த மரபின் எலும்பைத்தான்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பகுதியில் உள்ள கோகோ படிவுகளைக் கட்டுரை குறிப்பிடவே இல்லை. அந்தக் குறையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. 38 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஒரு பவளத்திட்டு இருந்தது. இறந்த மீன்களைச் சுற்றிச் சுண்ணாம்பு உருண்டைகள் இறுகியதால், மற்ற இடங்களில் அப்பளமாக நசுங்கிக் கிடைக்கும் மீன்கள் இங்கே உருக்குலையாமல் கிடைக்கின்றன. அந்த உருண்டைகளை உளியால் பிளப்பதில்லை. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை நீர்த்து, அதில் கல்லை ஊறவைக்கிறார்கள். சுண்ணாம்பு நுரைத்துக் கரையும், எலும்பு கரையாது. சிறிது எலும்பு வெளிப்பட்டதும் எடுத்துக் கழுவி, உலர்த்தி, பசை பூசி உறுதியாக்கி, மறுபடியும் ஊறவைப்பார்கள். ஒரு மீனை வெளியே கொண்டுவர மாதக்கணக்கில் இப்படி அமிலத்துக்கும் தண்ணீருக்கும் நடக்க வேண்டும்.

அப்படி வெளிவந்த ஒரு மீன், ஒரு சாண் நீளம்தான் இருக்கும், மெட்டர்பிஸ்கிஸ் என்று 2008-இல் பெயர் பெற்றது. தாய் மீன் என்று பொருள். ஜான் லாங் குழுவினர் அதன் வயிற்றுப் பகுதியில் கண்ட நுண்ணிய எலும்புகள் தின்ற இரையுடையவை அல்ல. அவை உடைபடவும் இல்லை, செரிமான அமிலத்தால் அரிக்கப்படவும் இல்லை. தாயின் எலும்பையே வடிவில் ஒத்திருந்த அவை பிறக்காத குஞ்சினுடையவை. அருகில் முறுக்கிக்கொண்டு கிடந்த மெல்லிய இழை, கல்லாகிப்போன தொப்புள்கொடி. குட்டி போட்டு இனம் பெருக்கும் வழக்கத்தின் சான்றை அந்த ஒரு சாண் மீன் ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளிவிட்டது. 2022-இல் அதே படிவுகளிலிருந்து கேட் டிரினாஜ்ஸ்டிக் குழுவினர் கவச மீனின் இதயத்தையும் கல்லீரலையும் இரைப்பையையும் காட்டினர். கல்லை உடைக்காமலே, நியூட்ரான் கற்றையாலும் எக்ஸ்-கதிராலும் ஊடுருவிப் பார்த்துக் கண்டது அது. செவுளுக்கு அடியில், இரண்டு அறைகளோடு, எஸ் எழுத்தைப்போல வளைந்த இதயம். இவ்வளவும் கையில் இருக்கும்போது, 33 அடி என்ற பொய்யான பிரமாண்டத்தை நாடிப் போக வேண்டிய தேவை எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

கவச மீன் என்ற பெயரைப் பற்றியும் ஒரு சொல். எளிய பெயர்தான், நானும் இக்கடிதத்தில் அதையே ஆண்டிருக்கிறேன். ஆனால் தமிழ்நாட்டு ஏரி குளங்களில் பெருகிவிட்ட டேங்க் கிளீனர் மீனையும் சிலர் இப்போது அப்படிக் குறிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து மீன்தொட்டிக்காக வந்து நம் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கும் அது கெளுத்திக் குலத்தைச் சேர்ந்தது. அதன் உடலில் உள்ள எலும்புத் தகடுகள் தனியே பிற்காலத்தில் தோன்றியவை. இரண்டுக்கும் உறவு கற்பித்து யாராவது எழுதிவிடும் முன்னர், டெவோனியன் மீன்களுக்குத் தகட்டுத்தோலி என்ற பெயரைத் தங்கள் நாளிதழ் பயன்படுத்தலாமே என்பது என் யோசனை.

கடைசியாக, கட்டுரையோடு வந்த வண்ணப்படம். சுறா வாலும் சுறாத் துடுப்பும் ஒட்டி, பக்கத்தில் ஒப்பீட்டுக்கு ஒரு பேருந்தையும் வரைந்திருந்தார்கள். திருத்தம் வெளியிட இடம் இருக்குமானால் அந்தப் பேருந்தை எடுத்துவிட்டு, அதனிடத்தில் ஓர் அம்பாசடர் காரை நிறுத்துமாறு ஓவியரைக் கேட்டுக்கொள்கிறேன். காரின் நீளமும் மிகப் பெரிய டங்கிளியோஸ்டியஸின் நீளமும் ஏறக்குறைய ஒன்றாக வரும். தோளுக்குப் பின்னால் உள்ள உடலைக் கோட்டுருவமாக மட்டும் வரைந்தால், எது கிடைத்த எலும்பு, எது கணித்த உடல் என்பது பார்த்த மாத்திரத்தில் மாணவர்களுக்குப் புரியும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கும்பகோணம்.